ஆற்றைத் திட்டியவள்

எனக்குத் திக்குவாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தில் அது தெரியாது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நேரில் சொல்ல ஆரம்பித்தால் நான் பாதி தாண்டுவதற்குள் நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், அப்புறம் விஷயமே வேறு எங்கோ போய்விடும்.

பெயர் தர்மசம்வர்த்தினி. வீட்டில் தர்மு. கும்பகோணத்தில் பேச்சு மருத்துவம் பார்க்கிறேன். "திக்குறவங்களே திக்குவாய்க்கு வைத்தியம் பாக்கறதா?" என்று கேட்காத ஆள் கிடையாது. ஏன், பல் டாக்டருக்குப் பல் வலி வந்ததே இல்லையா? வந்த கோபத்தில் மருத்துவமனைப் பலகையிலேயே என் குறையை எழுதிப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்ததுண்டு.

என் தம்பி யக்ஞராமன் எனக்கு நேர் எதிர். அருவி மாதிரி கொட்டுவான். கனபாடி, அதாவது வேதத்தின் சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னிப் பின்னி, ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லத் தெரிந்தவன். அவன் தொண்டையில் கண்டமணி இருந்தது. இந்தக் கதையில் வில்லன் என்று ஒன்று உண்டென்றால் அந்த மணிதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மிளகு அளவுதான் இருக்கும். குரல்வளைக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்துவிடுவார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால், வேதம் ஓதுவதை மேற்பார்க்கும் சுருதி வாரியம் அதைக் கொண்டுவந்தபோது எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பாராயணம் செய்யும்போது தவறான எழுத்து வாயில் வரப்போகிறது என்றால், வருவதற்கு ஒரு கணம் முன்னாலேயே மணி அதிர்ந்து தொண்டையைத் திருப்பிவிடும். பிழையே வராது. சரியான பாடம் எது என்பது வாரியத்திலிருந்து இரவோடு இரவாக எல்லா மணிகளுக்கும் வந்து சேரும். நெல்லூரில் இருப்பவனும் திருநெல்வேலியில் இருப்பவனும் ஒரே மாதிரி சொல்வார்கள். மணி இல்லாதவர்களுக்கு மேடை இல்லை என்று அப்புறம் விதி வந்தது. அதற்கும் கும்பிட்டார்கள்.

ஆடி மாதம், திருச்சியில் மூன்று மாதப் பயிற்சி முகாம் முடிந்து தம்பி வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை கூடத்தில் உட்கார்ந்து பாராயணம் ஆரம்பித்தான். சமையலறையில் நான் காப்பிக்குப் பால் வைத்திருந்தேன். பல மந்திரங்கள் சேர்ந்த ஒவ்வொரு சூக்தத்துக்கும் முன்னால், அதைக் கண்டு சொன்ன ரிஷியின் பெயரைத் தலையில் கைவைத்துச் சொல்ல வேண்டும். அது ராகமில்லாத வெறும் பேச்சு. அவன் சொன்ன பெயர் காதில் விழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"எ... என்னடா சொன்னே?"

"நதி சூக்தம், அக்கா. அர்ணவ ரிஷி."

"அ... அர்ணவர் இ... இல்லைடா. ஆ... ஆ..."

வரவில்லை. உயிரெழுத்தில் தொடங்கும் பெயர் எனக்கு எமன். தொண்டையில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதுபோல் நின்றுவிடும். போனை எடுத்து எழுதிக் காட்டினேன். ஆர்ணவி. அர்ணவரின் மகள்.

அவன் அதைப் பார்த்தான். பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும், நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம். அதில் பொய் இல்லை. அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. தொண்டை ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னால் மூளை அதையே நம்பிவிடும். இதை நான் என் நோயாளிகளுக்குத் தினமும் சொல்கிறேன்.

"எழுதினதைக் காட்டி என்ன பிரயோஜனம் அக்கா?" என்றான் பொறுமையாக. "எழுதி வெச்சுப் படிக்கறவன் வேதம் சொல்றவனே இல்லைன்னு அப்பா சொல்லுவாரே. வாயால சொல்லி, காதுல விழுந்தாத்தான் பாடம். புஸ்தகத்துல ஆயிரம் தப்பு இருக்கும்."

அது நிஜம்தான். அதுதான் வயிற்றெரிச்சல். எழுத்தை நம்பாதே, வாயை நம்பு என்று ஒரு கூட்டம் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பிடிவாதமாக இருந்தது. இப்போது வாயையே ஒருவன் பிடித்துவைத்திருக்கிறான்.

"க... கடைசி மந்திரம் சொல்லு."

சொன்னான். தாயே, உனக்கு நீர் வார்க்கிறேன், ஏற்றுக்கொள் என்று முடிந்தது.

அந்தச் சூக்தம் அப்படி முடியாது. எங்கள் சாகையில், அதாவது நாங்கள் ஓதும் வேதக் கிளையில், மட்டும் உள்ள சூக்தம் அது. ஆர்ணவியின் பிள்ளையை ஆறு கொண்டுபோய்விட்டது. அவள் கரையில் நின்று ஆற்றைத் திட்டுகிறாள். கும்பிடவில்லை, வரம் கேட்கவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். உன்னை அம்மா என்று கூப்பிட்டானே, அவனையா கொண்டுபோனாய் என்கிறாள். கடைசி மந்திரத்தில், அவனைத் திருப்பிக் கொடு, கொடுக்கிறவரை உனக்கு ஒரு கை நீர்கூட வார்க்கமாட்டேன் என்று கையை உதறிவிட்டு நிற்கிறாள். அவ்வளவுதான். ஆறு பதில் சொல்வதில்லை.

ஏழு வயதுவரை நான் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியதில்லை. அப்பாதான் அந்தச் சூக்தத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஸ்வரத்தோடு சொன்னால் திக்கவில்லை. பெண்ணுக்கு வேதமா என்று சித்தப்பா குதித்தார். "சொன்னவளே பொண்ணுதானேடா. அவ சொல்லலாம், இவ திருப்பிச் சொல்லக் கூடாதா?" என்று அப்பா கேட்டார். நான் முதன்முதலில் நிற்காமல் பேசியது ஆர்ணவியின் கோபத்தைத்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு கும்பிடு போட வைத்துவிட்டார்கள் என்றால் சும்மா இருப்பேனா?

அன்றைக்கே வாரியத் தலைவர் பிரணதார்த்தியைப் பார்க்கப் போனேன். குளுகுளு அறை, நெற்றியில் பளிச்சென்று விபூதி, பேச்சில் வெண்ணெய். மறைக்கவே இல்லை மனிதர்.

"திருத்தினது வாஸ்தவம்தாம்மா. நதி இணைப்புத் திறப்பு விழா வரது. உங்க சாகைக்காரா ஆயிரம் பேர் காவிரிக் கரையில உக்காந்து சொல்லப்போறா. மத்திய மந்திரி வரார். அந்த மேடையில நதியைத் திட்டச் சொல்றேளா?"

"வே... வேற சூக்தம் சொல்லலாமே."

"உங்க சாகையில நதிக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். விழா நடக்கற ஊர் உங்க ஊர். புள்ளையைப் பறிகொடுத்தவ பேரைச் சொல்லிட்டு வணக்கம் போட்டா ஒட்டாது. அதனால அவ அப்பா பேரை வெச்சோம். கௌரவமான பேர்தான்."

"அது பா... பாவம் இல்லையா?"

அவர் சிரித்தார். "எது பாவம்? யாரோ ஒருத்தர் இதையெல்லாம் தொகுத்தார். பிரிச்சார், வரிசைப்படுத்தினார், சிலதை விட்டார். அன்னிக்கும் உங்களை மாதிரி ஒருத்தர் சண்டைக்கு வந்திருப்பா. இன்னிக்கு அதை ஆரம்பமே இல்லாத அனாதின்னு சொல்றோம். நூறு வருஷம் போனா இதுவும் அனாதிதான்."

மனிதர் சொல்வதில் ஏதோ உண்மை இருக்கிறது என்பதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. திக்கித் திக்கித்தான் சொன்னேன், உங்களுக்காக நேராக எழுதுகிறேன். "அந்தக் காலத்துல ஒருத்தன் மாத்திச் சொன்னா பக்கத்து ஊர்க்காரன் காதைப் பிடிச்சுத் திருகுவான். இப்ப பக்கத்து ஊர்க்காரனும் நீங்கதான்."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "ஆட்சேபணை இருந்தா விழா அன்னிக்குக் காலையில பாராயணக்காரா எல்லாரும் சதஸ் கூடுவா, அங்க வந்து சொல்லுங்கோ. ஆனா வாயாலதான் சொல்லணும். காகிதம் எடுபடாது. அது உங்க அப்பா காலத்து விதி, நாங்க போட்டதில்லை." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பிக்கும் யோசனை சொல்லுங்கோ. மணியை எடுத்துட்டா குரல் பழையபடி வரது கஷ்டம். குடும்பஸ்தன்."

மிரட்டலையும் அக்கறை மாதிரி சொல்லத் தெரிந்த ஆள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பாலத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது. கீழே கரையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஹாரன் சத்தத்தில் பாராயணம் ஒரு எழுத்துக்கூடக் காதில் விழவில்லை. ஆயிரம் தலைகள் மட்டும் அசைவது தெரிந்தது. வேதம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சிறு வயதில் வாத்தியார் உச்சந்தலையைப் பிடித்து ஆட்டித்தான் ஸ்வரம் சொல்லிக்கொடுப்பார். தாழ்ந்த ஸ்வரத்துக்குத் தலை குனியும், ஏறிய ஸ்வரத்துக்கு நிமிரும். மணி தைப்பதெல்லாம் அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து.

வண்டி நகராததால், தலைகளின் அசைவுக்கு ஏற்ப நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி மந்திரம் வந்தது. "திருப்பிக் கொடு" என்கிற இடத்தில் ஸ்வரம் ஏறி ஏறி நிற்கும். புதுப் பாடத்தில் அந்த இடத்தில் குனிந்து குனிந்து போகிறது, காலையில்தான் தம்பி வாயால் கேட்டேன். கீழே ஆயிரம் தலையும் நிமிர்ந்தன. எல்லாம் ஒன்றாக நிமிர்ந்து நின்றன.

வாரியம் தொண்டையைத்தான் பிடித்திருந்தது. கழுத்து அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. பின்னால் லாரிக்காரர் கத்திக்கொண்டிருந்தார், நான் வண்டியை எடுக்காமல் ஓ என்று அழுதுகொண்டிருந்தேன்.

ஒத்திகை முடிந்து தம்பி வீட்டுக்கு வந்ததும் பிடித்து உட்காரவைத்தேன். வாயை மூடிக்கொண்டு கடைசி மந்திரத்தைத் தலையால் மட்டும் சொல்லச் சொன்னேன். சொன்னான். பாதியில் நிறுத்திக் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"என்னமோ இடிக்கறதே."

"இ... இப்ப கிசுகிசுன்னு சொல்லு. கு... குரலே வரப்படாது."

"எதுக்கு?"

"பேசறச்சே தொண்டையில ரெண்டு ச... சவ்வு அதிரும். ம... மணிக்கு அந்த அதிர்வுதான் தெரியும். கிசுகிசுத்தா அதிராது. அ... அதுக்குக் காது கேக்காது." திக்குவாய்க்காரர்கள் பலருக்குக் கிசுகிசுத்தால் பேச்சு வரும், எனக்குத்தான் அதுவும் உதவாது. என் தொழிலில் இது பாலபாடம்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டே வெறும் மூச்சில் ஆரம்பித்தான். முதலில் புதுப் பாடம்தான் வந்தது. தலை ஒரு பக்கம் இழுக்க, நாக்கு ஒரு பக்கம் இழுக்க, திரும்பத் திரும்பச் சொன்னான். சட்டென்று நாக்கு தலையின் பின்னால் போய்விட்டது. திருப்பிக் கொடு. திருப்பிக் கொடு. அவன் கண்ணிலிருந்து மளமளவென்று கொட்டியது.

"யாரு அக்கா இது? யாரு இப்படிக் கத்தறது?"

அந்தப் பெயருக்குத்தான் ஸ்வரம் இல்லையே. வெறும் பேச்சுக்குத் தலை அசையாது. அதனால் அது எவன் கழுத்திலும் தங்கவில்லை. மணி இல்லாத என் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது, நானோ அதைச் சொல்ல முடியாதவள். அன்றைக்கு எவ்வளவோ முயன்றேன். வரவில்லை. காகிதத்தை எடுக்கப் போனேன், தம்பி கையைப் பிடித்துக்கொண்டான்.

"எழுதாதே. காதுல போடு. இன்னிக்கு வரலேன்னா சதஸ்ல சொல்லு. நான் அங்க இருப்பேன்."

"ம... மணியைப் பிடுங்கிடுவாடா."

"பிடுங்கட்டும்."

விழா அன்று காலை கரையோர மண்டபத்தில் சதஸ் கூடியது. ஆயிரம் ஆண்கள், ஒரு நான். பிரணதார்த்தி ஒலிபெருக்கியில், ஆட்சேபணை உண்டா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். எழுந்து மேடைக்கு நடந்தேன். "பொம்மனாட்டி எங்க போறா?" என்று யாரோ கேட்டார். எங்கே போகிறேன் என்று அவருக்குத் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்ல ஆசைதான், இருக்கிற மூச்சை வீணாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"க... கடைசி மந்திரம். எல்லாரும் வா... வாயை மூடிண்டு த... தலையால மட்டும் சொல்லுங்கோ."

பிரணதார்த்தி குறுக்கே வந்தார். "தலையாட்டறதெல்லாம் பிரமாணமா அம்மா?"

தம்பி கூட்டத்தில் எழுந்து நின்றான். "பிரமாணம் இல்லேன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்? ஆட்டிப் பாக்கட்டுமே!"

ஆட்டிப் பார்த்தார்கள். நெல்லூர்க்காரரும் திருநெல்வேலிக்காரரும், ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டே இராதவர்களும், ஒரே இடத்தில் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள்.

"இப்ப கு... குரல் இல்லாம. மூ... மூச்சுல மட்டும்."

சிலர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். ஒரு பெண் சொல்லிச் செய்வதா என்று அவர்களுக்குக் கோபம். போகட்டும். மிச்சமிருந்தவர்கள் ஆரம்பித்தார்கள். பால் பொங்குவதற்குச் சற்று முன்னால் அடுப்பில் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி இருந்தது. தடுமாறினார்கள், திரும்பச் சொன்னார்கள், மறுபடி தடுமாறினார்கள். அப்புறம் ஒரு மூலையிலிருந்து சரியாக வந்தது. பக்கத்து வரிசைக்காரர் காதில் வாங்கித் திருத்திக்கொண்டார். அவரைக் கேட்டு அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் மண்டபம் முழுக்க ஆற்றைத் திட்டிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டுக் குரல் இல்லாமல்.

முன்வரிசையில் ஒருவர் கைகூப்பி எழுந்தார். "மந்திரம் சரிம்மா. கழுத்து பொய் சொல்லாது. இதைக் கண்டது யாரு? ரிஷி பேர் தெரியாம சொன்னா பாவமாச்சே."

"சந்தை சொல்லு அக்கா" என்றான் தம்பி.

சந்தை என்றால் பாடம் கொடுப்பது. குரு ஒரு தரம் சொல்வார், மாணவர்கள் இரண்டு தரம் திருப்பிச் சொல்வார்கள். கேட்டது கேட்டபடி. பாடம் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போக அதைத் தவிர வேறு வழி கிடையாது.

தலையில் கையை வைத்தேன். வாயைத் திறந்தேன். கதவு சாத்திக்கொண்டது. நூற்றுக்கணக்கான முகங்கள் என் வாயையே பார்த்தன. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் இருட்டுகிறது, ஒரு எழுத்து வெளியே வரவில்லை. இத்தனை காலம் தண்ணீரிலும் மணியிலும் போகாதவள், என் தொண்டையில் வந்து போய்விடப்போகிறாள் என்று நினைத்தேன். அவமானத்தைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

பிரணதார்த்தி என் பக்கத்தில் குனிந்தார். ரொம்ப அன்பாக, ஒலிபெருக்கியை என் முன்னால் நீட்டி, "நான் எடுத்துக் கொடுக்கட்டுமா அம்மா? அர்ணவர்" என்றார்.

திக்குவாய்க்காரர்களுக்கு ஊரெல்லாம் செய்கிற உபகாரம் அது. நம் வாயில் இருக்கிற வார்த்தையைத் தள்ளிவிட்டு அவர்களுடைய வார்த்தையைத் திணிப்பார்கள். நாற்பத்தாறு வருஷமாகத் தலையாட்டி வாங்கிக்கொண்டவள்தான் நான். அன்றைக்கு மாட்டேன் என்று தோன்றியது. எவ்வளவு நேரமானாலும் சரி, உயிர் போனாலும் சரி, என் வார்த்தைதான் வரும். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

"ஆ... ஆ... ஆர்ணவி!"

வந்துவிட்டது. மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தனை கைகளும் தலைக்குப் போயின. அத்தனை வாய்களும் மூச்சில் திருப்பிச் சொல்லின.

"ஆ... ஆ... ஆர்ணவி."

மறுபடியும் ஒரு தரம். "ஆ... ஆ... ஆர்ணவி."

முதலில் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். முகங்களைப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, என் திக்கை எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி அளந்து சொல்கிறார்கள்.

"த... தப்பு! அது என் தி... திக்கு! பேர்ல கி... கிடையாது!" என்று கத்தினேன்.

"கேட்டது கேட்டபடிதான் அக்கா" என்றான் தம்பி. அவன் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தான். "வெட்ட நாங்க யாரு? வெட்டினா இவருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

விழாவில் மத்திய மந்திரி ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மைக் செட்காரரைத் திட்டினார். எதிரே நூற்றுக்கணக்கான பேர் வாயசைக்கிறார்கள், தலை நிமிர்கிறது, சத்தம் மட்டும் இல்லை. ஆற்றுக்கு ஒருவரும் ஒரு கை நீர்கூட வார்க்கவில்லை.

தம்பியின் மணியைப் பிடுங்கினார்கள். குரல் கரகரத்துப்போய்விட்டது, மேடை கிடையாது. நான்தான் தினமும் அவன் தொண்டைக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கிசுகிசுப்பையும் பிடிக்கிற மணி ஒன்றை வாரியம் செய்துகொண்டிருக்கிறதாம். செய்யட்டும். பாடசாலைகளில் இப்போது சின்னப் பிள்ளைகள் அந்தப் பெயரை இரண்டு தரம் திக்கித்தான் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால், பாடம் அப்படித்தான் என்கிறார்கள். ஆரம்பத்தில் எனக்கு அவமானமாக இருந்தது.

போன வாரம் தம்பிக்குப் பயிற்சிக்காக அந்தச் சூக்தத்தின் முதல் மந்திரத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் பிள்ளை என்ற சொல் வருகிற இடத்தில் முதல் அசை காரணமே இல்லாமல் மூன்று தரம் வரும். சந்தத்துக்கு அது தேவையில்லை, அர்த்தத்துக்கும் தேவையில்லை. மூன்று உலகத்தைக் குறிக்கிறது என்று பெரியவர்கள் பக்கம் பக்கமாக வியாக்கியானம் எழுதியிருக்கிறார்கள். நானும் ஏழு வயதிலிருந்து அதை அப்படியே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு என் வாயாலேயே அதைக் கேட்டதும் பாதியில் நிறுத்திவிட்டேன். தொண்டையைத் தவிர வேறொன்றும் தெரியாத தொழில் என் தொழில். அது என்ன என்று எனக்குத் தெரியும்.

அவள் விக்கி விக்கி அழுதிருக்கிறாள். பக்கத்தில் நின்றவன் அதைத் திருத்தாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறான்.